பதினோராயிரம் மீட்டர் கடிகாரமும் காசிமேட்டுத் தண்ணீரும்

பத்து லட்ச ரூபாயை வைத்துக்கொண்டு, கடலடியில் தாங்கும் சுவிஸ் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிற ஒருவருக்காக இதை எழுதுகிறேன். ராயபுரத்தில் எங்கள் தெருவில் வளர்ந்த தம்பி அவர்; சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஒப்பந்தம் முடிந்து விடுப்பில் வந்திருக்கிறார். தாத்தா கட்டுமரம் ஓட்டியவர், அப்பா விசைப்படகில் பங்குக்குப் போனவர். "கடலில் சம்பாதித்துக் கடன் இல்லாமல் நிற்கிற முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான் அண்ணா. கடலுக்கென்றே செய்த ஒரு வாட்சைக் கட்டிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அது வேலைக்கு உதவுமா, வெறும் பகட்டா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிகாரங்களின் செய்நேர்த்தி உண்மையானது. ஆனால் அவை தாங்கும் ஆழத்தில் பெரும்பகுதி எந்த மனிதரின் மணிக்கட்டுக்கும் தேவைப்படாதது. விலையோ, அவை எந்த இடத்தில் உதவ வேண்டுமோ அந்த இடத்துக்கே அவற்றைக் கட்டிக்கொண்டு போகவிடாது. என் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எச்.எம்.டி., டைட்டன், கேசியோ என்று காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வந்த கடிகாரங்களை அவர் திறப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கத்தில்தான் பேசுகிறேன்.

ஒரு காலத்தில் டைவ் வாட்ச், அதாவது முக்குளிப்பவர் கட்டும் கடிகாரம், முழுக்க முழுக்கக் கருவி. 1953இல் பிளாங்பெய்ன் நிறுவனம் பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் கேட்ட குணங்களை வைத்து 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்' கடிகாரத்தைச் செய்தது. அதே காலத்தில் ரோலெக்ஸ் 'சப்மரீனர்' 100 மீட்டர் தாங்குதிறனோடு வந்தது. அன்று முக்குளிப்பவரின் உயிர் மூன்று பொருள்களில் இருந்தது: ஆழமானி, எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று சொல்லும் அட்டவணை, கடிகாரம். ஆழம் கூடக்கூட, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைந்துகொண்டே போகும். அளவுக்கு மீறி அடியில் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், அது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளிலும் நரம்புகளிலும் அடைத்துக்கொள்ளும். எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது தெரியாமல் போனால் ஆள் முடமாகலாம், சாகலாம்.

கண்ணாடியைச் சுற்றியிருக்கும் எண் போட்ட வளையம் அதற்காகத்தான். இறங்கும்போது வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், கழிந்த நிமிடத்தைப் பார்த்த மாத்திரத்தில் படிக்கலாம். நல்ல டைவ் வாட்சில் இந்த வளையம் ஒரு பக்கமாக மட்டுமே திரும்பும். கயிறோ பாறையோ பட்டு நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அதனால் ஆள் சீக்கிரம் மேலே வருவாரே தவிர, தாமதிக்கமாட்டார். இவ்வளவு சிறிய பொருளில் இவ்வளவு அக்கறை வைத்த கைகளுக்கு நான் தலைவணங்குகிறேன்.

சப்மரீனரின் அன்றைய விலை ஏறத்தாழ நூற்றைம்பது டாலர். விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் இன்றைய சப்மரீனரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். இடையில் என்ன நடந்தது? 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீகோ, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துல்லியம் மலிந்தது. 1980களில் டைவ் கம்ப்யூட்டர்கள் வந்தன. ஆழத்தையும் நேரத்தையும் தானே கணக்கிட்டு, இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று அவை சொல்லத் தொடங்கியதும் முக்குளிப்பில் கடிகாரத்தின் வேலை முடிந்தது. இயந்திரக் கடிகாரம் செய்தவர்கள் கருவிச் சந்தையை விட்டு ஆடம்பரச் சந்தைக்குப் போனார்கள். தாங்கும் ஆழத்தின் எண்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான்: 3,900 மீட்டர், 6,000 மீட்டர், 11,000 மீட்டர்.

அந்த ஆழத்துக்குப் போவது யார்?

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மூன்று சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கடிகாரக் கண்ணாடியின் மேல் 20 மீட்டரில் சுமார் 14 கிலோ எடை உட்காருகிறது. 11,000 மீட்டரில் அதே கண்ணாடியின் மேல் ஏறத்தாழ எட்டு டன். இதைத் தாங்கும் பொருளைக் கையில் கட்டும் அளவுக்குச் சிறிதாகச் செய்வது பெரிய பொறியியல்தான்.

ஆனால் மனிதர் எவ்வளவு ஆழம் போகிறார்? பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். முதல் சான்றிதழ் வாங்குகிறவருக்கு 18 மீட்டர். முதுகில் சிலிண்டரோடு போன அதிகபட்ச ஆழமாக கின்னஸ் பதிவு செய்திருப்பது 332.35 மீட்டர். எகிப்தைச் சேர்ந்த அகமது கப்ர் 2014 செப்டம்பரில் செங்கடலில் அதைச் செய்தார். இறங்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உயிரோடு மேலே வரப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிரான்சின் கோமெக்ஸ் நிறுவனம் 1992இல் தரையிலுள்ள அழுத்த அறைக்குள் ஒரு மனித உடலை 701 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம் வரை கொண்டுபோனது. அதைத் தாண்டிய அழுத்தத்தை உயிருள்ள எந்த மனிதரின் மணிக்கட்டும் இன்றுவரை சந்தித்ததில்லை.

அப்படியானால் பதினோராயிரம் மீட்டர் போன கடிகாரங்கள்? 1960 ஜனவரி 23 அன்று ழாக் பிக்காரும் டான் வால்ஷும் 'டிரியெஸ்ட்' கலத்தில் மரியானா அகழியின் அடியைத் தொட்டபோது, ரோலெக்ஸ் கலத்தின் வெளிப்புறத்தில் பிணைக்கப்பட்டிருந்தது. 2012 மார்ச் 26 அன்று சினிமா இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் தனியாக இறங்கியபோது கலத்தின் இயந்திரக் கையில் இருந்தது. 2019இல் அமெரிக்க ஆழ்கடல் பயணி விக்டர் வெஸ்கோவோ போனபோது ஒமேகா கடிகாரங்களும் வெளியில்தான் கட்டப்பட்டிருந்தன. மனிதர்கள் உள்ளே, கரையில் இருப்பதைப் போன்ற சாதாரண அழுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு வடசென்னையிலேயே சான்று இருக்கிறது. 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை அனுப்பப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் 'மத்ஸ்யா 6000' கலம், 2025 ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை, எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில்தான் தண்ணீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டது. டைட்டானியம் உருண்டைக்குள் ஆட்கள் இருப்பார்கள். கடலின் பாரத்தை அந்த உருண்டை சுமக்கும். நாளை அதில் ஆறாயிரம் மீட்டர் இறங்கப்போகிறவர் எழுநூறு ரூபாய்க் கடிகாரம் கட்டியிருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

ஹீலியம் வால்வு என்றொரு அம்சத்தையும் விற்பனையாளர் பெருமையாகக் காட்டுவார். நாள்கணக்கில் அழுத்த அறையில் தங்கி ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்து வேலை செய்யும் ஆழ்கடல் தொழிலாளிகளுக்கு அது தேவை. கடிகாரத்துக்குள் புகுந்த ஹீலியம், அழுத்தம் குறையும்போது கண்ணாடியைப் பிதுக்கித் தள்ளிவிடும் என்பதால் வந்த வால்வு அது. நம் கடற்படையில் 2025 ஜூலையில் விசாகப்பட்டினத்தில் சேர்க்கப்பட்ட 'நிஸ்தார்' கப்பலில் 300 மீட்டர் வரை இத்தகைய முக்குளிப்புக்கு வசதி இருக்கிறது. அந்தப் பணியில் இல்லாதவருக்கு வால்வு என்பது கூடுதலாக ஒரு துளை, கூடுதலாக ஒரு ரப்பர் வளையம்.

நம் தண்ணீர் கடிகாரத்துக்குச் செய்வது

சென்னைத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் அணையும் துறைகளின் ஆழம் இருபது மீட்டருக்குள்தான். கப்பலின் அடிப்பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய இறங்குகிறவருக்கும், காசிமேட்டில் விசைப்படகின் விசிறியில் சிக்கிய வலையை அறுக்க மூச்சடக்கிக் குதிக்கிறவருக்கும் அதற்குள்தான் வேலை. அப்பாவின் கடைக்கு வந்த கடிகாரங்களில் ஆழத்தால் செத்தது என்று ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. செத்தவை எல்லாம் வேறு காரணங்களால் செத்தன.

சாவி திருகும் குமிழைச் சரியாக அழுத்தாமல் விட்டது முதல் காரணம். அடுத்தது ரப்பர் வளையம். மூடிக்கும் உடலுக்கும் நடுவிலிருக்கும் அந்த மெல்லிய வளையம் வியர்வையிலும் சோப்பிலும் வெந்நீரிலும் வெயிலிலும் நாளடைவில் காய்ந்து, தட்டையாகி, விரிசல் விடும். புதிதாக இருந்தபோது 200 மீட்டர் தாங்கிய கடிகாரம், வளையம் கெட்டபின் மார்கழி மழையைக்கூடத் தாங்காது. மூன்றாவது, பேட்டரி மாற்றியவர் மூடியை அப்படியே அழுத்திக் கொடுத்துவிடுவது. வளையத்தில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் போதும், வழி உண்டாகிவிடும். உப்பு நீர் உள்ளே போனால் மறுநாளே இரும்புப் பற்களில் துரு தெரியும். குவார்ட்ஸ் சர்க்யூட் பச்சை பிடிக்கும். பிறகு பழுது பார்க்கும் செலவுக்குப் புதிதே வாங்கலாம்.

எங்கள் பக்கம் பலர் கடிகாரத்தைத் தொலைத்தது இன்னும் எளிய வழியில்தான். பட்டையைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்பிரிங் பின் உப்பில் அரித்து அறுந்துபோகும். கடிகாரம் நல்ல நிலையில் கடலுக்குள் விழும். பத்து லட்ச ரூபாய்க் கடிகாரத்திலும் பட்டை நிற்பது அப்படி ஒரு பின்னில்தான். அது தடிமனாகவும் நல்ல உலோகத்திலும் இருக்கும் என்பது உண்மை. ஆனால் கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசாதவருக்கு எந்த உலோகமும் நிரந்தரமில்லை. ரோலெக்ஸ் பயன்படுத்தும் 904எல் எஃகு, மற்றவர்களின் 316எல் எஃகைவிட உப்பு அரிப்பை நன்றாகத் தாங்கும். டைட்டானியமோ கடல் நீரில் அரிப்பதே இல்லை எனலாம்; அதுவோ சில பத்தாயிரம் ரூபாய்க் கடிகாரங்களிலேயே கிடைக்கிறது.

வலை இழுக்கிறவர் மணிக்கட்டில் எதையும் கட்டாமலிருப்பதே நல்லது. ஓடும் கயிறோ வலைக் கண்ணியோ உலோகச் செயினில் மாட்டினால் கை போகும். அனுபவமுள்ளவர்கள் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையில் இறங்குவார்கள். தம்பியின் நிலையும் அதுதான். கப்பலின் இயந்திர அறையில் சுழலும் பாகங்கள், மின் இணைப்புகள், கொதிக்கும் குழாய்கள். அங்கே மோதிரத்தையும் உலோகக் கடிகாரத்தையும் கழற்றிவிட வேண்டும் என்பது பாதுகாப்புப் பாடத்தின் முதல் பக்கம். ஜெனரேட்டர்களின் காந்தப்புலம் சில இயந்திரக் கடிகாரங்களின் மெல்லிய சுருள்வில்லைப் பாதித்து நேரத்தைத் தாறுமாறாக்கவும் கூடும். ஆக, கடலில் உழைப்பவருக்கென்று விளம்பரமாகும் பொருளை, கடலில் உழைக்கும் நேரத்தில் அவர் கழற்றித்தான் வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விளம்பரங்களில் காட்டும் நீலக் கடல் இங்கே இல்லை. துறைமுக வாயில் அருகே நீட்டிய கை தெரியாத கலங்கல். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோதும், அதை வாளியாலும் கையாலும் அள்ளியவர்களுக்குக் கையுறைகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. இந்தக் கடலில் நிற்பவருக்கு எதெல்லாம் தேவை என்று பட்டியல் போட்டால் அதில் கடிகாரத்தின் ஆழம் எங்கோ கடைசியில்தான் வரும். இருட்டிலும் கலங்கலிலும் படிக்க முடிகிற பெரிய முள்ளும் ரேடியமும் அதற்கு முன்னால் வரும்.

கைவசமுள்ள வழிகள்

சாதாரணக் கடிகாரத்தில் 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் இறங்கலாம் என்று பொருளல்ல. கை கழுவலாம், தூறலில் நடக்கலாம், அவ்வளவுதான். 50 மீட்டர் என்றால் லேசான நீச்சல், 100 மீட்டர் என்றால் நல்ல நீச்சல். முக்குளிப்புக்குப் பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேசத் தரம். 'டைவர்ஸ்' என்ற சொல்லோடு 200 மீட்டர் என்று டயலில் இருந்தால் அந்தத் தரத்தின்படி செய்யப்பட்டது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். ஒவ்வொரு கடிகாரத்தையும் குறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். உப்பு நீரில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். 40 டிகிரி, 5 டிகிரி என்று மாறிமாறித் தண்ணீரில் போட வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் படிக்க முடிய வேண்டும். நமக்குத் தேவையான எல்லாமே இதற்குள் அடங்கிவிடுகின்றன.

படகில் போகிறவருக்கு என் பரிந்துரை பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஜி-ஷாக் அல்லது கேசியோ 'டூரோ'. இரண்டும் 200 மீட்டர் குறியீடு கொண்டவை. முன்னது ரெசின் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கில் உடலும் பட்டையும் கொண்டதால் உப்பு அரிக்காது, விழுந்தால் உடையாது. பின்னதில் திருகி மூடும் குமிழும் ஒரு பக்கம் திரும்பும் வளையமும் உண்டு, ஐ.எஸ்.ஓ. முத்திரை மட்டும் இல்லை. தொலைந்தால் வருத்தம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். உழைக்கும் கைக்கு இதைவிடச் சரியான கடிகாரம் இல்லை.

அதற்கு மேல் சிட்டிசன் 'புரோமாஸ்டர்'. இருபதாயிரம், முப்பதாயிரம், டைட்டானியம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு. காரணம் வெளிச்சத்தில் மின்னேற்றம் செய்துகொள்ளும் அதன் அமைப்பு. பேட்டரி மாற்ற மூடியைத் திறக்க வேண்டியதில்லை. கடிகாரங்கள் சாகத் தொடங்குவதே மூடி திறக்கப்படும் நாளில்தான் என்பதைக் கண்ணால் கண்டவன் என்பதால், பல ஆண்டுகள் திறக்காமல் ஓடும் கடிகாரத்தின் மதிப்பு எனக்குத் தெரியும். நேரமும் மாதத்துக்குப் பதினைந்து விநாடிக்குள்தான் பிசகும். சப்மரீனர் ஒரு நாளைக்கு இரண்டு விநாடிக்குள் பிசகலாம் என்பது அந்த நிறுவனத்தின் அளவு. இயந்திரக் கடிகாரத்துக்கு அது அபாரமான துல்லியம். ஆனாலும் மாதக் கணக்கில் பார்த்தால் சிட்டிசன்தான் முன்னால் நிற்கும்.

இயந்திரம் ஓடும் துடிப்பை விரும்புகிறவருக்கு சீகோ 'பிராஸ்பெக்ஸ்'. 1968இல் ஜப்பானின் குரே நகரைச் சேர்ந்த ஆழ்கடல் தொழிலாளி ஒருவர், எந்த டைவ் வாட்சும் தங்கள் வேலையைத் தாங்கவில்லை என்று சீகோவுக்குக் கடிதம் எழுதினார். ஏழு ஆண்டுகள் உழைத்து 1975இல் 600 மீட்டர் தாங்கும் டைட்டானியக் கடிகாரத்தைச் செய்தார்கள். ஹீலியம் புகாதபடி ரப்பர் வளையத்தையே 'எல்' வடிவத்தில் மாற்றியமைத்ததால் வால்வே தேவைப்படவில்லை. தொழிலாளியின் சொல்லைக் கேட்டுச் செய்த பொருள் என்பதால் அந்த வரலாறு எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றைய பிராஸ்பெக்ஸ் கடிகாரங்கள் பலவும் நாற்பதாயிரத்திலிருந்து தொடங்குகின்றன. நாளுக்குச் சில விநாடிகள் பிசகும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வீஸ் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ போய் உண்மையிலேயே முக்குளிக்கக் கற்கிறவர் இவை எதையும் வாங்குவதற்கு முன்னால் டைவ் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும். அதுவும் சில பத்தாயிரங்கள்தான். வேகமாக மேலே ஏறினால் எச்சரிக்கும், மீதி நேரத்தைக் காட்டும். தொடக்கத்தில் பயிற்சிப் பள்ளியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பதினோராயிரம் மீட்டர் கடிகாரத்துக்கு அதன் கண்ணாடிக்கு வெளியே எவ்வளவு ஆழம் என்பதே தெரியாது.

பிறகு பத்து லட்சத்தை ஒட்டிய வகை: ரோலெக்ஸ் சப்மரீனர், அதைவிடக் குறைவான விலையில் ஒமேகா 'சீமாஸ்டர்', ட்யூடர் 'பெலகோஸ்'. இவை தினமும் கட்டக்கூடியவை. சப்மரீனர் 41 மில்லிமீட்டர் அகலம், சட்டைக் கைக்குள் அடங்கும். அதற்கும் மேலே போனால் பொருள் கைக்கே ஒவ்வாததாகிவிடுகிறது. 6,000 மீட்டர் தாங்கும் ஒமேகா 'அல்ட்ரா டீப்' 18 மில்லிமீட்டர் தடிமன். 2022இல் வந்த ரோலெக்ஸ் 'டீப்சி சேலஞ்ச்' 50 மில்லிமீட்டர் அகலம், 23 மில்லிமீட்டர் தடிமன், டைட்டானியத்தில் செய்தும் கால் கிலோ எடை. கதவிலும் பஸ் கம்பியிலும் இடித்துக்கொண்டே இருக்கும். ஆடம்பரமாகத்தான் வாங்குவது என்று முடிவெடுத்தாலும், இந்த உச்ச வகையைத் தொட வேண்டாம் என்பேன். அது அருங்காட்சியகத்தில் வைத்து வியக்க வேண்டிய சாதனை.

விலையோடு முடிவதுமில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு சர்வீஸ். அதற்கே ஒரு நல்ல சிட்டிசன் கடிகாரத்தின் விலையைத் தாண்டும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் கடையிலேயே ஒரு சதவீத வரி பிடிக்கிறார்கள். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கிக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கப்பல்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அனுமதித்த மதிப்புக்கு மேற்பட்டதை விமான நிலையத்தில் அறிவித்துச் சுங்கம் கட்டித்தான் ஆக வேண்டும். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி சுவிஸ் கடிகாரங்களுக்கான இறக்குமதி வரி படிப்படியாகக் குறையும். அதனால் அவசரப்பட வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை.

அந்தஸ்து என்றால் அதுவும் ஒரு தேவைதான்

அந்தஸ்தைத் தேடுவதை நான் இழிவாகப் பேசமாட்டேன். வடசென்னை என்று முகவரி எழுதியதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வேலைக்கான நேர்காணலில், பெண் பார்க்கப் போன இடத்தில், வங்கியில் கடன் கேட்கும்போது என்று அந்த முகமாற்றம் தொடர்ந்து வருகிறது. நானும் ஜெயித்தவன் என்று சொல்லாமல் சொல்லும் ஒரு பொருளை ஒருவர் விரும்பினால் அதன் பின்னால் ஒரு நியாயமான வலி இருக்கிறது.

ஆனால் அந்தஸ்தின் அடையாளம் பார்க்கிறவருக்குப் புரிந்தால்தான் வேலை செய்யும். காசிமேட்டு ஏலத்தில், பழைய வண்ணாரப்பேட்டைக் கல்யாண மண்டபத்தில், ராயபுரம் தேர்த் திருவிழாவில் தம்பியின் கையிலிருப்பது பத்து லட்சமா ஐந்நூறா என்று பிரித்தறிய ஆள் கிடையாது. நடைபாதையில் விற்கும் போலியைப் பார்த்துப் பழகிய கண்கள் அதையும் போலி என்றே எடுத்துக்கொள்ளும். அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் வேறு பேட்டைகளில் இருக்கிறார்கள். அவர்களோடு தம்பிக்குப் புழக்கமில்லை. யாரிடம் மதிப்பு வாங்க நினைக்கிறாரோ அவர்களுக்கு அது தெரியாது, யாருக்குத் தெரியுமோ அவர்களின் மதிப்பால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை.

எங்கள் பக்கம் எல்லோருக்கும் புரிகிற அடையாளம் தங்கம். அதை நான் பகட்டுக்காகச் சொல்லவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் சௌகார்பேட்டை அடகுக்கடைகளுக்கும் வங்கிகளுக்கும் எத்தனை சங்கிலிகள் போகின்றன, தொழில் தொடங்கியதும் எப்படி மீட்கப்படுகின்றன என்பது தெருவுக்கே தெரியும். நள்ளிரவில் ஒருவரை ஸ்டான்லி மருத்துவமனையில் சேர்த்தால் காலையில் கைகொடுப்பது அந்தச் சங்கிலிதான். சுவிஸ் கடிகாரத்தை அடகு பிடிக்க இந்தப் பக்கம் ஆளில்லை. விற்பதென்றால் பெட்டி, சான்றிதழ், ரசீது எல்லாம் வேண்டும். வாங்குபவரைத் தேட வேண்டும். 2022இன் தொடக்கத்தில் உச்சிக்குப் போன ரோலெக்ஸ் மறுவிற்பனை விலைகள் அதன்பின் இறங்கின என்பதையும் முதலீடு என்று பேசுகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு வாங்கலாமா என்றால், நான் ஓர் அளவுகோலைத்தான் சொல்வேன். வாங்கிய மறுநாள் அது கடலில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு படிப்போ ஒரு கல்யாணமோ ஒரு சிகிச்சையோ தள்ளிப்போகாது என்றால் வாங்கலாம். அழகான பொருள், உங்களுக்குப் பின் உங்கள் மகள் கட்டலாம். தள்ளிப்போகும் என்றால், அந்தக் கடிகாரத்தை நீங்கள் நிம்மதியாக ஒரு நாளும் கட்டமாட்டீர்கள். அது பீரோவில் இருக்கும், நீங்கள் கேசியோவோடு வெளியே போவீர்கள். தம்பிக்குத் தங்கையின் கல்யாணம் இன்னும் இருக்கிறது. ஆகவே டைட்டானிய சிட்டிசன் ஒன்றை வாங்கிக்கொண்டு, மீதியில் பாதியை வைப்பிலும் பாதியைத் தங்கத்திலும் போடச் சொன்னேன். சப்மரீனர் ஆசை அடுத்த இரண்டு ஒப்பந்தங்களுக்குப் பிறகும் இருந்தால் அப்போது பேசலாம் என்றேன். அவர் இன்னும் முழு மனதோடு ஒப்புக்கொள்ளவில்லை.

எதை வாங்கினாலும் கடையில் கேட்க வேண்டியவை சில உண்டு. சென்னையில் சர்வீஸ் மையம் இருக்கிறதா. மூடியைத் திறந்தால் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றுவார்களா. மூடியபின் அழுத்தச் சோதனை செய்து அதன் அளவை எழுதித் தருவார்களா? அழுத்தச் சோதனை இல்லை என்று சொல்லும் இடத்தில் திறந்து மூடிய கடிகாரத்தை, அது எத்தனை லட்சமாக இருந்தாலும், தண்ணீரில் இறக்காதீர்கள். கடலுக்குப் போய் வந்த அன்றே குமிழ் இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் எண் வளையத்தைச் சில சுற்று திருப்பி அடியிலிருக்கும் உப்பைப் போக்குங்கள். பட்டையின் பின்களை ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். ஒரு ஜோடி நூறு ரூபாய்கூட ஆகாது.